கேட்பதற்கு முன்பே எழுதி வைத்த உதவி



2020 ஜனவரி 2ஆம் தேதி தொடங்கி மூன்று நாள்கள், மலேசியாவின் ஜொகூர் மாநிலம் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, சிங்கப்பூரில் நமது நீர் நிறுவனமான பொதுப் பயனீட்டுக் கழகம் கடற்பாலத்தின் அந்தப் பக்கத்துக்குக் கூடுதலாகக் குடிநீர் அனுப்பியது. வழக்கமாக நாளொன்றுக்கு 16 மில்லியன் கேலன் போகிறது. அந்த மூன்று நாள்களும் அதற்கு மேல் 6 மில்லியன் கேலன் போனது. அந்தக் கூடுதல் நீர் மட்டும் நாளுக்கு ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் லிட்டர். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு ஆறு மாதம் முந்தைய ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். 2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்து சேர்ந்தது. 50 டாங்கர் பெட்டிகள், 25 லட்சம் லிட்டர். தொலைக்காட்சிகள் அதைக் காட்டின, தலைவர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள், உலகப் பத்திரிகைகள் படம் போட்டன. கடற்பாலக் குழாய்க்குள் சத்தமில்லாமல் போன கூடுதல் நீரோ, ஒரே நாளில், அப்படிப்பட்ட 11 ரயில்களுக்குச் சமம்.

சென்னையின் முயற்சியைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தவித்த நகரத்துக்கு அந்த ரயில் வேண்டியிருந்தது. நான் கேட்பது வேறு கேள்வி. ஒரு பக்கம் ஒரு வேண்டுகோளும் ஒரு வால்வும் போதுமானதாக இருந்தபோது, இன்னொரு பக்கம் ஒரு மாநிலமே மூன்று வாரம் உழைத்தும் நகரத்தின் தேவையில் சிறு பங்கைத்தான் கொண்டுவர முடிந்தது ஏன்? குழாய் முன்பே இருந்தது என்பது விடையில் ஒரு பாதி. யார் யாரிடம் கேட்க வேண்டும், எந்த விலைக்கு, எந்த உரிமையும் கெடாமல் எப்படித் தர வேண்டும் என்பதெல்லாம் முன்பே பேசிப் பழகியிருந்தது என்பது மறு பாதி. ஆபத்துக் காலத்தில் ஒரு நீர் நிறுவனம் இன்னொன்றுக்கு உதவுவதற்கு நல்ல மனம் வேண்டும்தான். ஆனால் அந்த மனம் வேலை செய்வதற்கான எழுத்தும் இணைப்பும் ஆபத்து வருவதற்கு முன்பே இருக்க வேண்டும். சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் இடையில் இந்த எழுத்து இன்னும் முழுமையாகவில்லை என்பதையும், அதை முழுமையாக்குவது நமக்கே நல்லது என்பதையும் இன்று உங்கள் முன் வாதிட விரும்புகிறேன்.

முதலில் சிங்கப்பூரின் தனித்தன்மை. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் தனித்தனியாக ஏறத்தாழ 50,000 குடிநீர் அமைப்புகள் இருக்கின்றன. அங்கே ஒரு நகரத்து நீர் நிறுவனம் அடுத்த நகரத்து நிறுவனத்துக்கு உதவுவது என்றால் பொருள் உடனே விளங்கும். இங்கே அப்படி இல்லை. 2001ஆம் ஆண்டிலிருந்து குடிநீர், கழிவுநீர், வடிகால் மூன்றும் ஒரே கழகத்தின் கையில். தேக்கா சந்தையின் குழாயும் துவாஸ் தொழிற்பேட்டையின் சாக்கடையும் ஒரே நிர்வாகம். இந்த ஒருமை நமக்குப் பெரிய வசதி; உள்ளூருக்குள் கடன் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு நிறுவனமே தடுமாறினால், தோள் கொடுக்க உள்நாட்டில் இரண்டாவது நிறுவனம் கிடையாது. நமக்கு அண்டை நிறுவனம் என்று ஒன்று இருந்தால் அது ஜொகூர் நீரிணைக்கு அப்பால்தான் இருக்கிறது.

ஏற்பாடு இல்லாத நல்ல மனம் எப்படித் தோற்கும் என்பதற்கு வரலாற்றில் தெளிவான சாட்சி ஒன்று உண்டு. 1904 பிப்ரவரி 7ஆம் தேதி அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் தீப்பிடித்தது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் நகரங்களின் தீயணைப்பு வீரர்கள் ரயிலேறி விரைந்து வந்தார்கள். வந்தவர்களில் பலருடைய குழாய்கள் பால்டிமோரின் தெருக் குழாய் வாய்களில் பொருந்தவில்லை. ஒவ்வொரு நகரமும் தன் இணைப்பு வளையத்தைத் தன் விருப்பத்துக்குச் செய்துவைத்திருந்தது. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அடுத்த ஆண்டே பொது அளவு ஒன்று வகுக்கப்பட்டது. ஆனாலும் 87 ஆண்டுகள் கழித்து, 1991 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் மலைப்பகுதி எரிந்தபோது அதே கதை திரும்பியது: ஓக்லண்டின் குழாய் வாய் 3 அங்குலம், உதவிக்கு வந்தவர்களின் குழாய் இரண்டரை அங்குலம். 25 பேர் மாண்டார்கள். தண்ணீர் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள், அன்பும் இருந்தது; அரை அங்குலம் இடித்தது. இணைப்பு வளையம் பொருந்தியிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அந்தத் தீ அவ்வளவு வேகமானது. ஆனால் உதவியின் முதல் மணி நேரம் வீணானதற்கு மன்னிப்பு இல்லை.

கலிஃபோர்னியாவின் நீர் நிறுவனங்கள் இதிலிருந்தும் 1989இன் லோமா பிரியேட்டா நிலநடுக்கத்திலிருந்தும் பாடம் படித்தன. 1990களின் தொடக்கத்தில் தங்களுக்குள் ஓர் உதவி வலையமைப்பை உருவாக்கின. 2005இல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த பிறகு, 2006இல் அமெரிக்க நீர்ப்பணிச் சங்கமும் தோழமை அமைப்புகளும் ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒன்றை அமைக்க வேண்டும் என்று வலியுறுத்தின. இன்று ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் அது இருக்கிறது. அந்த ஒப்பந்தங்களைப் படித்துப் பார்ப்பவர்களுக்கு வியப்பு ஏற்படும். அவற்றில் உணர்ச்சி வரிகள் இல்லை. கேட்கும் உரிமை யாருக்கு, கேட்டதும் மறுக்கும் உரிமை உண்டா, அனுப்பிய ஆளின் சம்பளம் யார் பொறுப்பு, அவர் காயம்பட்டால் இழப்பீடு யார் தருவார், கருவி உடைந்தால் யார் மாற்றித் தருவார், எத்தனை நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும், இவ்வளவுதான். மறுக்கும் உரிமை உண்டு என்பதைக் கவனியுங்கள். என்னிடமே பற்றாக்குறை என்றால் இல்லை என்று சொல்லலாம், குற்றமில்லை. அரசு பேரிடர் என்று அறிவிக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு பெரிய குழாய் வெடித்தாலே கேட்கலாம்.

இந்த விதிகள் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்குத் தமிழகத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, கேரள முதல்வர் பினராயி விஜயன் 20 லட்சம் லிட்டர் குடிநீரை ரயிலில் அனுப்ப முன்வந்தார். தமிழகம் இப்போதைக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டதாகக் கேரளத் தரப்பிலிருந்து செய்தி வந்தது. மறுநாள் தமிழக முதல்வர் எடப்பாடி பழனிசாமி, ஒரு முறை வரும் 20 லட்சம் லிட்டர் போதாது, நாள்தோறும் அந்த அளவு தந்தால் உதவியாக இருக்கும் என்றார். இதற்குள் அந்த உதவி ஒரு மானப் பிரச்சினையாக, முல்லைப் பெரியாறு அணை விவகாரம் வரை இழுக்கப்பட்ட அரசியல் பேச்சாக மாறிவிட்டது. இரண்டு தரப்பிலும் தீய எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கேரளத்தின் நீர் நிறுவனமும் சென்னைக் குடிநீர் வாரியமும் முன்பே உட்கார்ந்து, எவ்வளவு, எந்த நிலையத்தில் ஏற்றுவது, எங்கே இறக்குவது, ரயில் கட்டணம் யாருடையது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், அதை முதல்வர்கள் பேச வேண்டிய அவசியமே வந்திருக்காது. இரண்டு பொறியாளர்கள் பேசியிருப்பார்கள். சொந்த மாநிலத்துக்குள்ளும் சிக்கல் இருந்தது: வேலூர் மாவட்டமே காய்ந்து கிடக்கும்போது ஜோலார்பேட்டையிலிருந்து நீரைக் கொண்டுபோனால் போராடுவோம் என்று எதிர்க்கட்சியான தி.மு.க.வின் துரைமுருகன் எச்சரித்தார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. தருகிற ஊருக்கு என்ன மிஞ்சும் என்பதை முன்பே எழுதிக் காட்டாத உதவி, தருகிறவனுக்குக் கொள்ளையாகத் தெரியும்.

இனி நம்மைப் போன்ற ஒரு தீவு. 2014 டிசம்பர் 4ஆம் தேதி மாலத்தீவின் தலைநகர் மாலேயில் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் தீ விபத்து. நகரத்துக்குக் குடிநீர் தந்தது அந்த ஒரு நிறுவனம்தான். ஏறத்தாழ 1 லட்சம் பேருடைய குழாய்கள் ஒரே நாளில் நின்றன. கடைகளில் தண்ணீர்ப் பாட்டிலுக்குச் சண்டை நடந்தது. இந்தியா விமானங்களில் நீர் அனுப்பியது. அருகில் ரோந்தில் இருந்த கடற்படைக் கப்பல் சுகன்யா திருப்பி விடப்பட்டது. பின்னால் தீபக் என்ற பெரிய கப்பல் தொள்ளாயிரம் டன்னுக்கு மேற்பட்ட நீருடன் போய்ச் சேர்ந்தது. உதவி வந்த வேகம் போற்றத்தக்கது. ஆனால் அது கடற்படைகளின் வேகம், நாடுகளின் வேகம். எரிந்து போன மின்பலகைக்குப் பதில் இன்னொரு மின்பலகை, அதைப் பொருத்தத் தெரிந்த கை, நீர் நிறுவனத்திலிருந்து நீர் நிறுவனத்துக்குப் போக வேண்டியது அதுதான். அதற்கு அண்டையில் யார் வைத்திருக்கிறார்கள் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே முதல் மறுப்பு எழும், அது வலுவான மறுப்பு. சிங்கப்பூரின் முழுத் தண்ணீர் வரலாறும் பிறரை நம்பாதே என்றுதானே கற்பித்திருக்கிறது? 1942 ஜனவரி 31ஆம் தேதி பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தைத் தகர்த்தபோது, அதோடு சேர்ந்து ஜொகூரிலிருந்து வந்த குடிநீர்க் குழாயும் போனது. இரண்டு வாரத்தில் நகரம் சரணடைந்தது. குண்டுவீச்சில் உடைந்த குழாய்களிலிருந்து நீர் வீணாகிக்கொண்டிருந்தது, நீர்த்தேக்கங்கள் எதிரியின் கையில் இருந்தன. சரணடையும் முடிவில் அந்தத் தண்ணீர்க் கணக்குக்கும் பங்கு இருந்தது. பிறகு 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை பத்து மாதப் பங்கீடு. இந்த நினைவுகளிலிருந்துதான் 2003இல் கழிவுநீரிலிருந்து மீட்கும் புதுநீர் வந்தது, 2005இல் துவாஸில் முதல் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது, 2008இல் மரினா அணைக்கட்டு வந்தது. ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அதற்குள் தன் காலில் நிற்க வேண்டும் என்பது நாட்டின் கொள்கை. அப்படியிருக்க, உதவி ஒப்பந்தம் பேசுவது பழைய சார்பு நிலைக்குத் திரும்புவதாகாதா?

இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் தன்னிறைவும் பரஸ்பர உதவியும் எதிரெதிர் என்ற எண்ணம் நடந்த நிகழ்ச்சிகளோடு ஒத்துவரவில்லை. 2019 ஏப்ரல் தொடக்கத்தில் ஜொகூர் ஆற்றில் அம்மோனியா அளவு கூடியது. ஆற்றங்கரையில் நம் கழகமே நடத்தும் ஜொகூர் ஆற்று நீர்ப்பணி ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது. நாம் என்ன செய்தோம்? இங்குள்ள கடல்நீர் ஆலைகளிலும் உள்ளூர் நீர்ப்பணி ஆலைகளிலும் உற்பத்தியைக் கூட்டினோம். அத்துடன், ஜொகூர் கேட்டுக்கொண்டபடி அங்கேயும் குடிநீர் அனுப்பினோம்.  கடலிலிருந்தும் கழிவிலிருந்தும் நீர் எடுக்கக் கற்றுக்கொண்டதால்தான் நம்மால் உதவ முடிந்தது. 2015, 2016 வறட்சியிலும் அப்படியே. ஜொகூரின் லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்குச் சரிந்த காலம் அது; ஜொகூரில் பங்கீடு நடந்தது; அப்போதும் வேண்டுகோளின் பேரில் கூடுதல் குடிநீர் போனது. வறட்சி வந்தால் இரு கரைக்கும்தானே வரும், பிறகு யார் யாருக்குத் தருவது என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மழையை நம்பும் நீரும் மழையை நம்பாத நீரும் இரு கரைகளிலும் ஒரே அளவில் இல்லை. அந்த வேற்றுமைதான் உதவியின் மூலதனம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் பலம் எங்கே இருக்கிறதோ அங்கேயே நம் பலவீனமும் இருக்கிறது. 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எண்ணெய்க் கப்பல் மீது மோதியதில் ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசாவிலும் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் கரை கறுத்தது. குடிநீர் விநியோகம் தடைபடவில்லை, நல்லவேளை. ஆனால் கடல்நீரை உறிஞ்சும் ஆலைகள் அதே கடலோரத்தில் நிற்கின்றன. எண்ணெயைத் தடுக்கும் மிதவைகளும், மாற்று மென்படலங்களும், அவற்றைப் பொருத்தும் ஆட்களும் ஒரு வாரத்துக்கு ஒரே நேரத்தில் பல ஆலைகளுக்குத் தேவைப்பட்டால், அந்த ஒரு வாரத்தில் அதிகம் எடுக்க வேண்டியது ஜொகூர் ஆற்றிலிருந்துதான். ஆற்றில் கோளாறு என்றால் கடல் காக்கும். கடலில் கோளாறு என்றால் ஆறு காக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு பேரம் பற்றியது. தண்ணீர் விலை குறித்து இரு நாடுகளுக்கும் நீண்ட கால வழக்கு உண்டு. 1,000 கேலன் கச்சா நீருக்கு நாம் தருவது 3 சென். 1,000 கேலன் சுத்தநீருக்கு ஜொகூர் தருவது 50 சென். சுத்திகரிக்க ஆகும் செலவு அதைவிட அதிகம் என்பது சிங்கப்பூரின் நிலை. கச்சா நீரின் விலையைத் திருத்த வேண்டும் என்பது மலேசியாவின் நிலை. ஒப்பந்தப்படி நாம் தர வேண்டியது எடுக்கும் நீரில் 2 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 5 மில்லியன் கேலன் அளவு. தருவது 16. இந்த நிலையில் கூடுதல் உதவியை ஒப்பந்தமாக்கினால், நல்லெண்ணத்தில் தந்தது நாளைக்கு உரிமையாகக் கோரப்படாதா என்று சட்டம் அறிந்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் எழுதாமல் விடுவதுதான் அந்த ஆபத்தை வளர்க்கிறது என்பது என் கணிப்பு. இன்று ஒவ்வொரு முறையும், இந்தக் கூடுதல் நீரால் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் உரிமைகள் பாதிக்கப்படாது என்ற குறிப்போடு அனுப்புகிறோம். இதே வாசகத்தை ஒரு நிரந்தர ஆபத்துக்கால உடன்படிக்கையின் முதல் விதியாக வைத்து, அவசர நீருக்கு அவசர விலை என்று தனியே நிர்ணயித்து, நாள் வரம்பும் போட்டுவிட்டால், அது 3 சென் வழக்கிலிருந்து விலகி நிற்கும். இரு தலைநகரங்களும் மனத்தாங்கலில் இருக்கும் ஒரு மாதத்தில் ஆற்றில் நச்சு கலந்தால், வேண்டுகோள் அரசியல் கடிதமாகப் போகக் கூடாது. பணிமுறைப்படி ஒரு கட்டுப்பாட்டு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். நாம் கண்ணியமாக விடைபெறவும் அறிந்தவர்கள்தான்: 1961ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 31இல் முடிந்தபோது, குனோங் பூலாய், ஸ்கூடாய் நீர்ப்பணி ஆலைகளை இயங்கும் நிலையிலேயே காசு வாங்காமல் ஜொகூரிடம் ஒப்படைத்தோம். அந்தக் கண்ணியத்தை அவசர காலத்துக்கும் எழுதி வைக்கலாம்.

மூன்றாவது மறுப்பு: எப்போதும் கைகொடுக்க ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால் ஆற்றைக் காக்கும் அக்கறை குறையுமே. இதில் ஓரளவு உண்மை உண்டு. இலவசமாக, வரம்பில்லாமல் தருவதை நான் ஆதரிக்கவில்லை. அமெரிக்க வலையமைப்புகள் செலவைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். விலை கொடுத்து வாங்கும் உதவி சோம்பலை வளர்ப்பதில்லை. யார் தவறால் ஆறு கெட்டதோ அவரிடம் அந்தப் பணத்தை வசூலிக்க ஜொகூர் அதிகாரிகளுக்கு அது கணக்கும் காட்டும். நீருக்கு விலை பேசுவது நம் மரபுக்கு ஒவ்வாதது என்று சிலர் வருந்தக்கூடும். தைப்பூசத்தன்று நம் சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிகள் போகும் வழியில் நிற்கும் தண்ணீர்ப் பந்தல்களை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒரு கோப்பைக்கும் காசில்லை. ஆனால் பந்தல் எந்த இடத்தில், எத்தனை மணி வரை, குப்பையை யார் அள்ளுவது என்பது முன்பே கேட்டு, அனுமதி பெற்று, முடிவானது. அந்த ஒழுங்கு கொடையின் ஈரத்தைக் குறைத்ததாக யாரும் சொன்னதில்லை.

குடிநீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். கழிவுநீர் நிலையம் நின்றால் என்ன ஆகும் என்று நாம் அரிதாகவே யோசிக்கிறோம். 2011 சுனாமியில் ஜப்பானின் செண்டாய் நகரக் கழிவுநீரில் பெரும்பகுதியைச் சுத்திகரித்த மினாமி காமோ நிலையம் சிதைந்தது. முழுதாக மீள 2016 ஆனது. நகரத்துக் குழாயில் தண்ணீர் திரும்பிய பிறகும், அந்தத் தண்ணீர் போய்ச் சேர இடம் வேண்டியிருந்தது. நமக்கு இது இன்னும் நெருக்கமான கவலை. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளும் ஆழ்சுரங்கக் கழிவுநீர்ப் பாதை வழியே போவது கழிவு மட்டுமல்ல, நாளைய புதுநீரின் கச்சாப் பொருளும் அதுவே. புதுநீர் நாட்டின் தேவையில் 40 விழுக்காடு வரை தரக்கூடியது. ஆகவே இங்கே சாக்கடை நின்றால் ஒரு குழாயும் நிற்கும். மேலும், எந்தக் கரையிலிருந்து கழிவு வழிந்தாலும் அது சேருவது ஒரே ஜொகூர் நீரிணையில். நடமாடும் இறைப்பான்கள், அடைப்பு நீக்கும் வண்டிகள், மின்னாக்கிகள் ஆகியவற்றை இரு பக்கமும் பட்டியலிட்டு, குழாய் வாயின் அளவையும் எழுதி வைத்துக்கொள்வது இதில் மிக எளிய முதல் படி. பால்டிமோரின் பிழையை நாமும் செய்துபார்க்க வேண்டியதில்லை.

ஆட்களைப் பற்றிய விதியே எல்லாவற்றிலும் கனமானது என்று நான் கருதுகிறேன். 1995இல் கோபே நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் வீடுகளுக்கு நீர் நின்றபோதும், 2024 புத்தாண்டு நாளில் நோட்டோ தீபகற்பம் குலுங்கியபோதும், ஜப்பானின் நீர் நிறுவனங்கள் நாடு முழுவதிலிருந்தும் ஆட்களை அனுப்பின. ஜப்பான் நீர்ப்பணிச் சங்கத்தின் வழியாக யார் எங்கே போவது என்பது பழகிய நடைமுறை. அவ்வளவு பழகியும் நோட்டோவில் ஒரு தடை வந்தது: வந்தவர்கள் தங்க இடமில்லை. கனசாவா போன்ற தூரத்து ஊர்களிலிருந்து நாள்தோறும் உடைந்த சாலைகளில் மணிக்கணக்கில் போய்வந்து குழாய் பொருத்தினார்கள். ஆளை அனுப்புவது என்று எழுதினால் போதாது, அவர் எங்கே தூங்குவார் என்றும் எழுத வேண்டும்.

சிங்கப்பூரில் குழாய் தோண்டுவதும், ஆட்துளைக்குள் இறங்குவதும், தொட்டி கழுவுவதும் யார் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் லிட்டில் இந்தியாவின் புல்வெளிகளில் அவர்களைப் பார்க்கிறோம். 2025 ஜூலை 26ஆம் தேதி தஞ்சோங் காத்தோங்கில் சாலை உள்வாங்கி ஒரு பெண் காரோடு குழிக்குள் விழுந்தபோது, பக்கத்திலேயே பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கழிவுநீர்க் குழாய்ப் பணித்தளத்தில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள் கயிறு வீசி அவரைத் தூக்கினார்கள். அதிபர் தர்மன் அவர்களை இஸ்தானாவுக்கு அழைத்தார். அதற்கு ஓராண்டு முன்பு, 2024 மே 23ஆம் தேதி, சுவா சூ காங் நீர்ப்பணி ஆலையில் தொட்டி சுத்தம் செய்யும் வேலையின்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தாக்கி 40 வயது இந்திய ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். மலேசியர் இருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இந்த இரண்டு நாள்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆபத்தில் முதலில் கை நீட்டுபவர்களும், ஆபத்து முதலில் தொடுபவர்களும் ஒரே ஆட்கள். இந்தியரும் மலேசியரும் ஒரே தொட்டிக்குள் ஏற்கெனவே சேர்ந்துதான் வேலை செய்கிறார்கள். அவர்களை ஒன்றாகக் காக்கும் தாள்தான் இல்லை.

இதனால்தான் அவசர உதவியை நிறுவனங்களுக்கு இடையிலான தண்ணீர்க் கணக்காக மட்டும் எழுதுவதை நான் எதிர்க்கிறேன். ஒரு குத்தகை நிறுவனத்தின் ஊழியரை நள்ளிரவில் ஜொகூரின் கோத்தா திங்கிக்கு அனுப்பினால், அவருடைய சிங்கப்பூர் வேலை அனுமதி அங்கே செல்லாது. அங்கே காயம்பட்டால் எந்த நாட்டுச் சட்டப்படி இழப்பீடு? கூடுதல் நேரச் சம்பளம் எந்த நாணயத்தில்? வாயுச் சோதனைக் கருவி காட்டும் எண்ணுக்கு இரு பக்கமும் ஒரே எல்லையா? வேண்டாம், இறங்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டா? நிறுவனத்துக்கு மறுக்கும் உரிமையைத் தருகிற ஒப்பந்தம் தொழிலாளிக்கும் அதைத் தர வேண்டும். அமெரிக்க ஒப்பந்தங்களில் உதவிக்குப் போகிறவர் தன் சொந்த நிறுவனத்தின் ஊழியராகவே, அதே காப்புறுதியுடன், எல்லை கடந்தும் நீடிக்கிறார். அங்கே அது ஊர் எல்லை. இங்கே நாட்டு எல்லை. சிரமம் கூடுதல், ஆகவே முன்கூட்டி எழுத வேண்டிய தேவையும் கூடுதல்.

இவ்வளவும் பெரிய உச்சி மாநாட்டுக்குக் காத்திருக்க வேண்டியவை அல்ல. பொதுப் பயனீட்டுக் கழகமும் ஜொகூரின் நீர் ஒழுங்குமுறை அமைப்பும் ஏற்கெனவே பேசிக்கொள்ளும் நிறுவனங்கள். ஒரே ஆற்றிலிருந்துதான் இரு பக்கமும் நீர் எடுக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை கூட்டுப் பயிற்சி ஒன்றில் தொடங்கலாம். அம்மோனியா ஏறிவிட்டது என்று வைத்துக்கொண்டு, அதிகாலை மூன்று மணிக்கு அங்கிருந்து ஓர் அழைப்பு வரட்டும். இங்கே யார் எடுக்கிறார், எத்தனை நிமிடத்தில் வால்வு திறக்கிறது, எந்த ஆளும் கருவியும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்து பார்க்கட்டும். அடுத்த ஆண்டு அழைப்பு இங்கிருந்து போகட்டும். நம் கடலோர ஆலைகள் நின்றதாக வைத்துக்கொண்டு, நாம் கேட்பவர்களாக நின்று பார்ப்போம். பாதுகாப்புக் கையேடு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதாது. தமிழிலும் வங்காளத்திலும் வேண்டும், ஏனென்றால் ஆட்துளைக்குள் அதைப் படிக்க வேண்டியவர்கள் அந்த மொழிக்காரர்கள். 2061 வரை இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. விலையைப் பற்றிய வழக்கு அதுவரை நீளட்டும், வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த உடன்படிக்கைக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. இரு பக்கத்துப் பொறியாளர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முதல் வரைவை எழுதிவிடலாம்.